‘காரணம்’ என்று ஒரு கட்டம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மெம்பிஸ் நகர எல்லையைத் தாண்டியதும் டிராம் தடம் ஓரிடத்தில் வளைந்து திரும்பும். அந்தப் பகுதிக்கே ‘வளைவு’ என்றுதான் பேர். கறுப்பர் வீடும் வெள்ளையர் வீடும் கலந்து கிடந்த இடம். மளிகைச் சாமான் வேண்டுமென்றால் வில்லியம் பாரெட் என்ற வெள்ளைக்காரரின் கடைக்குத்தான் போயாக வேண்டும். 1889-இல் கறுப்பர்கள் சிலர் பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கடை திறந்தார்கள். ‘மக்கள் மளிகை’ என்று பெயர் வைத்தார்கள். தலைவர் தாமஸ் மாஸ், பகலில் தபால்காரர், ராத்திரியில் கடைக்காரர். கடை நன்றாக ஓடியது. பாரெட்டுக்கு வியாபாரம் படுத்தது.

இரண்டு கடைகளுக்கும் நடுவே புகைந்துகொண்டிருந்தது 1892 மார்ச் 2 அன்று ஒரு கோலி விளையாட்டில் பற்றிக்கொண்டது. பையன்களுக்குள் சண்டை. வெள்ளைக்காரப் பையனின் அப்பா வந்து கறுப்பினப் பையனை அடித்தார். பெரியவர்கள் கூடினார்கள், கைகலப்பானது. அடுத்த இரண்டு மூன்று நாளில் வழக்கு, வாரண்ட், கடையை நொறுக்க ஆள் வருகிறது என்ற பேச்சு. கடை நகர எல்லைக்கு வெளியே இருந்ததால் நகரப் போலீஸ் வராது, உங்களை நீங்களேதான் காத்துக்கொள்ள வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். மார்ச் 5, சனிக்கிழமை இரவு. சாதாரண உடையில் துப்பாக்கியோடு சிலர் கடையை நோக்கி வந்தார்கள். உள்ளே காவலிருந்தவர்கள் சுட்டார்கள். வந்தவர்கள் அந்த வட்டாரக் காவல் அதிகாரியான ஷெரீஃபின் ஆட்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று பேருக்குக் காயம். யாரும் சாகவில்லை. கடையைச் சேர்ந்தவர்கள் உள்படப் பல கறுப்பர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

மார்ச் 9, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, முகத்தை மறைத்துக்கொண்ட எழுபத்தைந்து பேர் சிறைக்குள் புகுந்தார்கள். தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் மூவரையும் இழுத்துக்கொண்டு போய், ஊருக்கு வடக்கே ரயில் யார்டு பக்கம் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் பத்திரிகையில் யார் முதலில் விழுந்தார், யார் எப்படிப் போராடினார் என்பதுவரை வர்ணனை வந்திருந்தது. மாஸ் கடைசியாகச் சொன்னதும் இருந்தது: என் ஜனங்களை மேற்கே போகச் சொல்லுங்கள், இங்கே அவர்களுக்கு நியாயம் கிடையாது. நிருபர் அங்கே நின்றிருக்க வேண்டும், அல்லது நின்றவர்கள் சுடச்சுட வந்து சொல்லியிருக்க வேண்டும். அப்படியிருந்தும் கொலை செய்தது யாரென்று அரசுத் தரப்புக்குத் தெரியவே இல்லை. ஒருவர்மீதும் வழக்கு இல்லை.

அந்த ஊரில் ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற கறுப்பர் வாரப் பத்திரிகையின் ஆசிரியராகவும் பங்குதாரராகவும் இருந்தவர் ஐடா வெல்ஸ். வயது 29. மாஸ் தம்பதியின் நெருங்கிய தோழி, அவர்களுடைய பெண் குழந்தைக்கு ஞானத்தாய். கொலை நடந்தபோது பத்திரிகை வேலையாக நாட்செஸ் என்ற ஊரில் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் மாஸைப் புதைத்துவிட்டார்கள்.

இளம் நிருபர்களுக்கு வகுப்பெடுக்கும்போது இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்ப எடுப்பதுண்டு. ‘துணிச்சலான பெண்மணி’ என்று மாலை போட்டு நிறுத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. துணிச்சல் சொல்லிக்கொடுத்து வருவதல்ல. அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லிக்கொடுக்கலாம்.

ரோஸ் நிறக் காகிதம்

வெல்ஸ் 1862-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஹோலி ஸ்பிரிங்ஸில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தார். 1878-இல் வந்த மஞ்சள் காய்ச்சல் அப்பா, அம்மா இருவரையும் கொண்டுபோனது. தம்பி தங்கைகளைக் காப்பாற்றப் பதினாறு வயதில் வாத்தியார் வேலைக்குப் போனார். பிறகு மெம்பிஸ். 1884-இல் ரயிலில் பெண்களுக்கான பெட்டியிலிருந்து எழுந்து புகைபிடிப்போர் பெட்டிக்குப் போகச் சொன்ன கண்டக்டரின் கையைக் கடித்துவிட்டார். ரயில்வே கம்பெனிமேல் வழக்குப் போட்டு 500 டாலர் ஜெயித்தார். 1887-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றி, கோர்ட் செலவையும் இவர் தலையில் கட்டியது. இந்த வழக்கைப் பற்றி எழுதப்போய்த்தான் எழுத்துக்குள் வந்தார்.

இந்தப் பகுதியைப் பெரும்பாலானவர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நான் தாண்டுவதில்லை. பின்னால் நடந்தது அத்தனைக்கும் விதை இந்த வருடங்களில் இருக்கிறது.

அவர் எழுதியதெல்லாம் சின்ன விஷயம்போலத் தெரியும். கறுப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடக் கட்டடம் எப்படி இருக்கிறது, அங்கே யாரை வாத்தியாராகப் போடுகிறார்கள் என்று 1891-இல் எழுதினார். அவரே அதே பள்ளி நிர்வாகத்தின்கீழ் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அடுத்த வருடம் வேலை இல்லை. வேலை போனதைவிட, நீங்கள் இதை எழுதியிருக்கக் கூடாது, வேலையைவிட்டு நீக்கிவிடுவார்கள் என்று தெரியாதா என்று பெற்றோர்களே கேட்டதுதான் அவருக்கு வலித்தது. சம்பளம் நின்றதும் ஊர் ஊராக ரயிலேறிச் சந்தா பிடிக்கக் கிளம்பினார். ஒரு வருடத்துக்குள் பத்திரிகையின் விற்பனை 1,500-இலிருந்து 4,000 ஆனது.

அந்தப் பயணத்தில் அவர் கண்ணில் பட்டது ஒன்று உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ‘ஃப்ரீ ஸ்பீச்’ வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ரயிலில் பேப்பர் விற்கும் பையன்கள் இதைத் தெரிந்துகொண்டு, அவர்கள் கையில் வேறு ஏதோ ஒரு பேப்பரைத் திணித்துக் காசு வாங்கிக்கொண்டார்கள். இதற்காகவே பத்திரிகையை ரோஸ் நிறக் காகிதத்தில் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, நிறம் தெரியுமே.

வாசகர் யார், அவர் கைக்குப் பேப்பர் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று இந்த அளவுக்குப் பார்த்த ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மெம்பிஸ் கறுப்பர்கள் எதில் காசு செலவழிக்கிறார்கள், எதில் பயணம் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை எந்தச் சர்ச்சில் கூடுகிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. மார்ச் மாதத்துக்குப் பிறகு இதெல்லாம் ஆயுதமானது.

டிராமில் ஆளில்லை

கொலைக்குப் பிறகு அவர் எழுதிய தலையங்கத்தில் சாபமோ கதறலோ இல்லை. ஒழுக்கமாக இருந்தாலும் மரியாதையாக வாழ்ந்தாலும் இந்த ஊர் உங்களைக் காப்பாற்றாது, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பில்லாத ஊரில் எதற்காக இருக்க வேண்டும், காசைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள் என்பதுதான் சாரம். மாஸ் சொன்ன அதே வார்த்தைக்கு ஒரு செயல்திட்டம். ஜனங்கள் உண்மையிலேயே கிளம்பினார்கள். ஓக்லஹோமா பக்கம் புது நிலம் திறந்துவிட்டிருந்த காலம். அங்கே போனால் பட்டினிதான் என்று வெள்ளையர் பத்திரிகைகள் பயமுறுத்தியபோது வெல்ஸ் தானே ஓக்லஹோமாவுக்குப் போய் மூன்று வாரம் சுற்றிப் பார்த்து, கண்டதைக் கடிதமாக எழுதி அனுப்பினார்.

ஊரில் மிச்சமிருந்தவர்கள் டிராம் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து டிராம் கம்பெனியின் கண்காணிப்பாளரும் பொருளாளரும் ‘ஃப்ரீ ஸ்பீச்’ அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். இந்தக் காட்சியை வெல்ஸ் பின்னாளில் விரிவாக எழுதியிருக்கிறார். வந்தவர்களுக்கு ஒரே குழப்பம்: உங்கள் ஜனங்கள் ஏன் வண்டியில் ஏற மாட்டேன் என்கிறார்கள்? மின்சாரத்துக்குப் பயப்படுகிறார்களோ என்று அவர்களே ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். டிராம் அப்போதுதான் மின்சாரத்துக்கு மாறியிருந்தது. எப்போதிலிருந்து கூட்டம் குறைந்தது என்று வெல்ஸ் கேட்டார். ஒரு ஆறு வாரமாக என்றார்கள். கொலை நடந்தும் ஆறு வாரம்தான் ஆகிறது என்றார் இவர். அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம், கம்பெனி வடக்கத்தி முதலாளிகளுடையது என்று சொல்லிப் பார்த்தார்கள். முதலாளி வடக்கு, ஓட்டுவது தெற்கத்திக் கொலைகாரர்கள் என்று வெட்டிப் பேசினார் வெல்ஸ். அவர்கள் போனதும் பேச்சு முழுவதையும் எழுதிப் பத்திரிகையில் போட்டார். அடுத்த ஞாயிறு ஊரின் இரண்டு பெரிய சர்ச்சுகளுக்குப் போய், இப்படியே ஏறாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு இதில் பிடித்தது ‘எப்போதிலிருந்து?’ என்ற அந்த ஒரு கேள்விதான். எதிராளி கொண்டுவந்த கணக்கை வைத்தே அவன் சொன்ன காரணத்தை உடைத்துவிட்டார்.

தானும் நம்பியிருந்த பொய்

வெல்ஸ் தன்னைப் பற்றி ஒளிக்காமல் ஒத்துக்கொண்ட ஒன்று இருக்கிறது. மாஸ் கொல்லப்படும்வரை, கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்பட்ட காரணத்தை அவரும் ஏறக்குறைய நம்பியே இருந்தார். சட்டத்துக்குப் புறம்பானதுதான், ஆனால் ஒரு பெண்ணை நாசம் செய்தவன்மேல் எழுந்த ஆத்திரம், ஒருவேளை அவன் சாக வேண்டியவனாகவே இருந்திருக்கலாம் என்ற எண்ணம். பேப்பரில் அப்படித்தான் வரும். படிப்பவர் ‘ச்ச’ என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

மாஸ் எந்தப் பெண்ணையும் தொடவில்லை. கடை வைத்தார். இன்னொருவன் கடைக்கு வியாபாரம் குறைந்தது. அவ்வளவுதான். தனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒருவரின் சாவில் காரணம் பொய் என்றால், தெரியாதவர்களின் சாவில்?

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிற்சி நிருபராகச் சேர்ந்த புதிதில் ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன்களுக்கு வரிசையாகப் போன் போடுவதுதான் என் வேலை. “சார், இன்னைக்கு ஏதாவது இருக்கா?” மறுமுனையில் சொல்வதை எழுதிக்கொள்வேன். ‘முன்விரோதம் காரணமாக’, ‘கள்ளத்தொடர்பு காரணமாக’, ‘குடும்பத் தகராறில்’ இந்த மூன்றில் ஒன்றைத் தொடக்கத்தில் போட்டால் செய்தி தயார். ஐந்து வரி, நாலு நிமிஷம். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. அப்படி நான் எழுதிய காரணங்களில் எத்தனை உண்மை என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. வெல்ஸைப் படித்தபோதுதான் அந்த ‘காரணமாக’ என்ற சொல் உறுத்த ஆரம்பித்தது.

வெல்ஸ் போய்ப் பார்த்தார். மிசிசிப்பியில் ஒரு சம்பவம். ஷெரீஃபின் ஏழு வயது மகளைக் கெடுத்த முரடனைக் கும்பல் கொன்றது என்று தந்தியில் செய்தி வந்திருந்தது. அந்த ஊருக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பதினேழு வயதைத் தாண்டிய பெண். அவள் அந்த ஆளின் குடிசையில் இருந்ததை அப்பா பார்த்திருக்கிறார். மகளின் மானத்தைக் காப்பாற்ற அவரே கும்பலைக் கூட்டி வந்திருக்கிறார். பதினேழு, தந்தியில் ஏழாகியிருந்தது. இப்படி ஒவ்வொன்றாகத் தோண்டத் தோண்ட, விருப்பத்தோடு நடந்த உறவு வெளியே தெரிந்ததும் ‘பலாத்காரம்’ ஆவதைக் கண்டார். கடை வைத்தவன், கடன் கேட்டவன், எதிர்த்துப் பேசியவன் என்று வேறு பல காரணங்கள் அதே போர்வைக்குள் மறைவதையும் கண்டார். பெண்ணின் மானம் என்ற சொல் எங்கெல்லாம் கொலைக்கு முன்னால் வந்து நிற்கிறது என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை

தோண்டிய கதைகளை மட்டும் அடுக்கியிருந்தால், கறுப்பினப் பெண் கட்டிவிட்ட கதை என்று தள்ளியிருப்பார்கள். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. ‘சிகாகோ ட்ரிப்யூன்’ என்ற வெள்ளையர் பத்திரிகை ஆண்டுதோறும் கும்பல் கொலைகளைத் தொகுத்துப் பட்டியல் போட்டுவந்தது: தேதி, ஊர், செத்தவர், காரணம். இந்தப் பட்டியலையே வெல்ஸ் எடுத்துக்கொண்டார். வெள்ளையர் சேர்த்த கணக்கு, வெள்ளையர் யாரும் மறுக்காத கணக்கு என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தார்.

எட்டு ஆண்டுகளில் 728 கறுப்பர்கள். அதில் பலாத்காரக் குற்றச்சாட்டாவது சுமத்தப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். நிரூபணத்தைப் பற்றிய பேச்சே இல்லை, வெறும் குற்றச்சாட்டு. மிச்சமிருந்த பெரும்பங்கில் என்னென்னவோ. டென்னசியின் டல்லஹோமாவில் வில் லூயிஸ் என்ற பையனைத் தூக்கில் போட்டதற்குக் காரணம், குடித்துவிட்டு வெள்ளையரிடம் வாய்த்துடுக்காகப் பேசியது. 1895-இல் வெல்ஸ் வெளியிட்ட பெரிய தொகுப்பில் பெயர்களைக் காரணத்தின்படியே பிரித்துப் போட்டார். கொலை, களவு, தீவைப்பு, கிணற்றில் விஷம் என்று போகும் தலைப்புகளுக்கு நடுவே ‘வெள்ளையரை அவமதித்தது’ என்று ஒன்று. ‘குற்றம் எதுவுமில்லை’ என்றும் ஒன்று, அதன் கீழேயும் பெயர்கள்.

இன்று ‘டேட்டா ஜர்னலிசம்’ என்று பயிலரங்கம் நடத்துகிறோம், மென்பொருள் சொல்லித் தருகிறோம். நூற்றிமுப்பது வருடத்துக்கு முன்பு ஒருவர் பழைய பேப்பரும் பேனாவும் வைத்து இதைச் செய்திருக்கிறார். ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் பேப்பரில் வந்த கொலைகளின் பட்டியல். பேப்பருக்கு எட்டாத கொலைகள் அதில் இல்லை. அதே காரணத்தால்தான் அவருடைய வாதம் அசைக்க முடியாததாகவும் ஆனது. கூட்டிச் சொன்னார் என்று யாரும் சொல்ல வழியில்லை, கணக்கு எதிர்த்தரப்புடையது.

மே 21

அன்றைய இதழில் கையெழுத்தில்லாத ஒரு சிறு தலையங்கம் வந்தது. கடந்த இதழுக்குப் பின் எட்டுக் கறுப்பர்கள் கொல்லப்பட்டதைச் சொல்லிவிட்டு, பலாத்காரம் என்ற நைந்துபோன பொய்யை இந்தப் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை என்றது. தெற்கத்தி வெள்ளை ஆண்கள் இதை மேலும் இழுத்தால், அவர்களுடைய பெண்களின் நற்பெயருக்கே கேடான முடிவுக்கு ஜனங்கள் வந்துவிடுவார்கள் என்று முடித்தது.

கடைசி வாக்கியத்தை அப்படி எழுதியிருக்கத்தான் வேண்டுமா என்று வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்ல வேறு பெண்களின் பெயரை இழுத்திருக்க வேண்டாம் என்று எனக்கும் சில நாள் தோன்றும். ஆனால் பொய் மொத்தமும் ‘பெண்ணின் மானம்’ என்ற அந்த ஒரு கல்மேல்தான் நின்றது. அதைத் தொடாமல் சுற்றி வந்திருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது, எதுவும் அசைந்தும் இருக்காது.

வெள்ளையர் பத்திரிகைகள் கொதித்தன. எழுதியவன் ஆண் என்று நினைத்துக்கொண்ட ஒரு மாலைப் பேப்பர், அவனை நடுத்தெருச் சந்திப்பில் கம்பத்தில் கட்டி நெற்றியில் சூடு போட வேண்டும், தையல்காரன் கத்தரியால் அறுக்க வேண்டும் என்று எழுதியது. மே 27 அன்று கும்பல் ‘ஃப்ரீ ஸ்பீச்’ அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. கூட்டாளி ஃப்ளெமிங் அதற்குள் தப்பிவிட்டார். வெல்ஸ் ஊரில் இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சர்ச் மாநாட்டை முடித்துக்கொண்டு நியூயார்க் வந்திறங்கியபோதுதான் சேதி தெரிந்தது. மெம்பிஸில் கால் வைத்தால் கொன்றுவிடுவார்கள் என்று நண்பர்கள் எழுதினார்கள். பத்திரிகை போயிற்று, ஊர் போயிற்று.

கையில் மிஞ்சியது சந்தாதாரர் பட்டியல். அதைக் கொடுத்து, தாமஸ் ஃபார்ச்சூன் நடத்திய ‘நியூயார்க் ஏஜ்’ பத்திரிகையில் நாலில் ஒரு பங்கு வாங்கினார். ஜூன் 25 அன்று முதல் பக்கத்தில் ஏழு பத்தி, பெயரும் தேதியும் ஊரும் போட்டு. பத்தாயிரம் பிரதி அச்சானது. அதில் ஆயிரம் மெம்பிஸ் தெருக்களிலேயே விற்றது. அக்டோபரில் நியூயார்க், புரூக்ளின் கறுப்பினப் பெண்கள் கூட்டம் நடத்தி 500 டாலரும் பேனா வடிவத்தில் ஒரு தங்க ப்ரூச்சும் கொடுத்தார்கள். அந்தக் காசில்தான் முதல் சிறுநூல் வந்தது.

கடலுக்கு அப்பால்

1893-இலும் 1894-இலும் பிரிட்டனுக்குப் போய்ப் பேசினார். முதல் அழைப்பு ‘ஆன்டி-காஸ்ட்’ என்ற சிறுபத்திரிகை நடத்திய கேத்தரின் இம்பேயிடமிருந்தும், அபர்தீனில் இருந்த எழுத்தாளர் இசபெல்லா மேயோவிடமிருந்தும் வந்தது. பத்திரிகையின் பெயரே ‘சாதி எதிர்ப்பு’. அமெரிக்க நிறவெறியைச் சொல்ல இந்தியச் சாதியைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பயணம் பாதியில் முறிந்ததற்கும் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. மேயோவின் வீட்டில் தங்கியிருந்த இலங்கைக்காரர் ஒருவருக்கு இம்பே காதல் கடிதம் எழுதிவிட்டார். மேயோ கொதித்துப்போய், இம்பேயோடு உறவை வெட்டு என்று வெல்ஸிடம் சொன்னார். வெல்ஸ் மறுத்தார். ஆதரவும் பணமும் நின்றன. நிறத்துக்கு அப்பால் மனிதரைப் பார்க்க வேண்டும் என்று மேடை போட்டவர்களே, ஒரு வெள்ளைப் பெண் மாநிறக்காரருக்கு எழுதிய கடிதத்தில் தடுக்கி விழுந்தார்கள்.

பாஸ்டனில் 1893 பிப்ரவரியில் பேசியபோது, எண்ணிக்கைகளுக்கு நடுவே மாஸின் குழந்தையைப் பற்றிச் சொன்னார். பேச்சு வராத வயது. தள்ளாடி நடந்து அலமாரிக்குப் போகும். அங்கே தொங்கும் தபால்காரர் சீருடையின் கால்சட்டையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கும். பிறகு, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையையும் மேலே நீட்டும்.

பிரிட்டனில் எழுந்த பேச்சு மெம்பிஸ் வியாபாரிகளைத் தைத்தது. பருத்தி விற்றாக வேண்டுமே. 1894-இல் மெம்பிஸ் அருகே ஆறு கறுப்பர்களைக் கும்பல் கொன்றபோது, முன்பு கொலையை ஆதரித்த அதே ஊர்ப் பெரியமனிதர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். விதவைகளுக்கு நிதியும் திரட்டினார்கள். தண்டனை மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ வெல்ஸை அவதூறு பேசும் கெட்ட புத்திக்காரி என்று எழுதியது. 1931-இல் அவர் இறந்தபோது இரங்கல் செய்தி போடாத அதே பத்திரிகை, 2018-இல் ஒன்று எழுதி ஈடுகட்டியது. 2020-இல் புலிட்சர் சிறப்பு விருது. கும்பல் கொலையைத் தனிக் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது 2022 மார்ச்சில்.

இளம் வயதில் பிடித்த அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 1919 செப்டம்பர் கடைசியில், ஆர்கன்சாவின் எலைன் என்ற ஊரருகே, பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் கட்டிய குத்தகை விவசாயிகளின் கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன்பின் கறுப்பர்கள் கும்பல் கும்பலாகக் கொல்லப்பட்டார்கள். வெள்ளையரைக் கொல்லச் சதி என்று ‘காரணம்’ எழுதிப் பன்னிரண்டு கறுப்பர்களுக்கு மரண தண்டனை விதித்தார்கள். வெல்ஸ் லிட்டில் ராக் சிறைக்குப் போனார். கைதிகளின் மனைவிமாரோடும் தாய்மாரோடும் கலந்து, செயின்ட் லூயிஸிலிருந்து வந்த உறவுக்காரப் பெண்போல உள்ளே நுழைந்தார். காவலர் தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கைதிகள் மரணத்தையும் மோட்சத்தையும் பற்றிப் பாடினார்கள். சாவைப் பற்றிப் பாடியது போதும், வாழக் கேட்டு ஜெபியுங்கள் என்று அவர்களிடம் சொன்னார். பிறகு ஒவ்வொருவரும் எழுதித்தர வேண்டும் என்று கேட்டார்: எத்தனை ஏக்கர் பயிரிட்டிருந்தீர்கள், எத்தனை பேல் பருத்தி, எத்தனை மாடு, அது இப்போது யார் கையில் இருக்கிறது.